அட்மிரல் லாக்வுட்

ஆளின்றி ஆகாயத்திற் பறந்தும், நீருக்குள் ஊர்ந்தும், தாமே வழியறிந்து சென்று பகைவரைத் தாக்கும் யந்திரங்களைப் பற்றிய பேச்சு இக்காலத்தில் உலகெங்கும் மிகுந்திருக்கிறது. நமது தேசத்திலும் அவற்றைச் செய்வதில் ஊக்கம் பெருகி வருகிறது. இத்தகைய விமானங்களையும் அவற்றைச் சார்ந்த கருவிகளையும் சோதித்தறியும் கூடங்களைத் தமிழ்நாட்டில் நிறுவுவதற்கென 2024-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்காரின் பாதுகாப்பு இலாகா உடன்படிக்கை செய்துகொண்டது. யந்திரங்களைச் செய்வதைப் பற்றிப் பேசுவோர் பலராயிருக்க, செய்த யந்திரத்தைச் சோதிப்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலராகவே இருக்கின்றனர். சோதனை என்பது ஏதோ கணக்கப்பிள்ளையின் வேலைபோல எண்ணப்படுகிறது. அது எத்துணை உயிர்களைப் பற்றிய காரியம் என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல்களின் தலைவராயிருந்த சார்லஸ் ஆண்ட்ரூஸ் லாக்வுட்டின் சரித்திரத்தைப் படித்தல் தகும்.

நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டியவருக்கும் ஆளில்லாக் கருவிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். டார்பீடோ என்பது இன்னதென்று சற்றே நினைத்துப் பார்த்தால் சம்பந்தம் விளங்கிவிடும். கப்பலின் குழாயை விட்டு வெளிப்பட்ட கணம் முதல் அதற்குள் மனிதன் இல்லை. அதனைப் பற்றியிழுக்கும் கயிறும் அக்காலத்தில் இல்லை. கைரோஸ்கோப் என்னும் சுழற்சக்கரம் அதன் திசையைக் காக்கிறது. நீரின் அழுத்தத்தை உணரும் கருவி ஒன்று அதன் ஆழத்தைக் காக்கிறது. எப்பொழுது வெடிப்பது என்பதையும் அதன் தலையில் அமைந்த பொறியே தீர்மானிக்கிறது. 1866-ம் வருஷத்தில் ராபர்ட் வைட்ஹெட் என்னும் ஆங்கிலேயர் ஆஸ்திரிய ராஜ்யத்தைச் சேர்ந்த பியூமே நகரில் இதனைச் செய்து காட்டினார். ஆகவே ஆளில்லா ஆயுதங்களின் குடும்பத்தில் டார்பீடோவே மூத்த பிள்ளை. இன்றைய இளைய பிள்ளைகளுக்கு நேரக்கூடிய நோய்களிற் பலவும் மூத்தவனுக்கு முன்பே நேர்ந்திருக்கின்றன.

லாக்வுட் 1890-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி வர்ஜீனியா மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது மிஸ்ஸோரி மாகாணத்து லாமார் என்னும் சிற்றூரில். பின்னாளில் அமெரிக்காவின் ஜனாதிபதியான ஹாரி ட்ரூமன் பிறந்ததும் அதே ஊர்தான். 1912-ல் கடற்படைக் கல்லூரியில் தேறி, இரண்டே வருஷங்களில் நீர்மூழ்கிக் கப்பல்களின் பக்கம் திரும்பினார். அக்காலத்து நீர்மூழ்கிகள் சிறியவை. பெட்ரோல் புகை நிறைந்தவை. உள்ளே இருப்போர்க்கே ஆபத்தானவை. பெரிய போர்க்கப்பல்களில் வெண்ணிற உடுப்புடன் உலாவும் உத்தியோகஸ்தர்கள் அவற்றை மதிப்பதில்லை. லாக்வுட்டோ அவற்றிலேயே தமது ஆயுளைக் கழித்தார். பிலிப்பைன் தீவுகளிலிருந்த சிறு கப்பல்கள் முதல், முதல் உலக யுத்தத்திற்குப் பின் ஜெர்மானியரிடமிருந்து பெற்ற கப்பல் வரை பலவற்றை அவர் நடத்தினார். 1941-ல் லண்டன் நகரத்தில் கடற்படைப் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். ஜப்பானியர் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய பிறகு, 1942-ம் வருஷம் மே மாதத்தில், ரியர் அட்மிரல் பதவி பெற்று மேற்கு ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார். அங்கே பிலிப்பைனிலிருந்து பின்வாங்கி வந்த நீர்மூழ்கிகளின் தலைமை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அவர் கண்டது மனம் தளர்ந்த ஒரு படை. ஆயிரக்கணக்கான மைல் சென்று, பகைவரின் கப்பலை அருகில் நெருங்கி, குறி தவறாமல் டார்பீடோவைச் செலுத்திய கப்பற்றலைவர்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தனர். ஸார்கோ என்னும் கப்பலின் தலைவர் ஜேகப்ஸ் 1941 டிஸம்பரில் 13 டார்பீடோக்களைச் செலுத்தினார். ஒன்றேனும் பயன் தரவில்லை. யுத்த காலத்தில் வானொலியைப் பயன்படுத்தினால் இருப்பிடம் பகைவருக்குத் தெரிந்துவிடும் என்பதை அறிந்தும், பொறுக்கமாட்டாமல் அவர் டார்பீடோவைப் பற்றிய சந்தேகத்தைத் தலைமைக் காரியாலயத்திற்கு வானொலி மூலமே தெரிவித்தார். ஸ்கிப்ஜாக் கப்பலின் தலைவர் கோ என்பவர் தமது யாத்திரைக் குறிப்பில் கசப்புடன் ஒரு விஷயத்தை எழுதி வைத்தார். டார்பீடோத் தொழிற்சாலைக்கு அருகே ஏதேனும் ஒரு காலை வேளையில் ஆபத்தின்றி அறிந்துகொண்டிருக்கக்கூடிய குற்றத்தைத் தாங்கள் பகைவரின் கடலுக்குள் போய் உயிரைப் பணயம் வைத்து அறிய வேண்டியிருக்கிறது என்பது அதன் கருத்து.

இதற்கெல்லாம் வாஷிங்டனிலிருந்த ஆயுத இலாகா சொன்ன பதில் ஒன்றே. டார்பீடோவில் குற்றமில்லை, செலுத்தியவர்தாம் குறி தவறினர் என்பது அது. நமது ஜனங்களுக்கு இவ்விதமான பதில் புதியதன்று. இலாகாக்கள் எத்தேசத்தவையாயினும் ஒரே பாஷையைத்தான் பேசுகின்றன.

குற்றம் சாட்டப்பட்ட அந்த ஆயுதம் 14-வது எண் டார்பீடோ என வழங்கப்பட்டது. ரோட் தீவு மாகாணத்து நியூபோர்ட்டிலிருந்த கடற்படை டார்பீடோ நிலையம் அதனை 1931 முதல் உருவாக்கிற்று. மணிக்கு 46 கடல்மைல் வேகத்தில் ஓடும் அதனை அங்குள்ளோர் உலகத்திற் சிறந்ததென நம்பினர். அதன் தலையில் அமைந்த 6-வது எண் வெடிப்பொறியைப் பற்றியோ அவர்கள் கொண்ட பெருமை சொல்லி முடியாது. இரும்புக் கப்பல் தன்னைச் சுற்றிலும் உண்டாக்கும் காந்த விகாரத்தை அப்பொறி உணர்ந்து, கப்பலில் மோதாமலே அதன் அடிப்பாகத்தின் கீழே வெடிக்கும் என்பது ஏற்பாடு. அடியில் வெடித்தால் கப்பலின் முதுகெலும்பு ஒடியுமாதலால் ஒரு டார்பீடோவே போதும். இத்தகைய பொறியை இரகசியமாகக் காக்க வேண்டுமென்று அவர்கள் துணிந்தனர். அதனைப் பற்றிய புஸ்தகம் இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டது. யுத்தம் நெருங்கும் வரையில், அதனைக் கையாள வேண்டிய மாலுமிகளுக்கே அப்படியொன்று உண்டென்பது தெரியாது.

அது உண்மையாகவே வெடிக்கிறதா என்று எத்தனை முறை பார்த்தார்கள்? 1926-ம் வருஷத்தில், எல்-8 என்னும் பழைய நீர்மூழ்கியை இலக்காக நிறுத்தி, அப்பொறியின் முதல் மாதிரியைக் கொண்டு இரண்டு முறை பார்த்தார்கள். முதல் டார்பீடோ கப்பலின் கீழே சென்றும் வெடிக்கவில்லை. இரண்டாவது வெடித்தது. பாதிக்குப் பாதி தவறிய அந்தச் சோதனைக்குப் பின்னர், யுத்தம் வரும் வரையில் வெடிமருந்தோடு கூடிய சோதனை நடக்கவே இல்லை. பிறகு ஒரு சமயம், எரிக்ஸன் என்னும் பழைய நாசகாரிக் கப்பலை இலக்காகத் தருவதாகக் கடற்படைத் தலைமை கூறிற்று. ஆனால் உண்மையான வெடிமருந்தைப் பயன்படுத்தலாகாது. தவறி மோதிக் கப்பல் மூழ்கினால் அதனை மீட்டு மிதக்கவிடும் செலவு முழுவதையும் ஆயுத இலாகாவே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இலாகா அதனை ஏற்கவில்லை. ஒரு டார்பீடோவின் விலை ஏறக்குறைய 10,000 டாலர்; தேசமோ அப்பொழுது பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தது. ஆயுதத்தை வெடித்துப் பார்ப்பது வீண் செலவாகத் தோன்றிற்று. அந்தச் சிக்கனத்தின் வட்டியை 1942-ல் வேறு மனிதர்கள் கட்டினார்கள்.

லாக்வுட் கணக்குகளையும் வாக்குவாதங்களையும் ஒதுக்கி வைத்தார். ஆழத்தைப் பற்றிய சந்தேகத்தை நேரிலேயே தீர்த்துக்கொள்ள முடிவு செய்தார். 1942-ம் வருஷம் ஜூன் மாதம் 20-ந் தேதி, ஆல்பனி துறைமுகத்துக்கு அருகிலுள்ள பிரெஞ்சுமன் குடாவில், மீன் பிடிப்போர் உபயோகிக்கும் 500 அடி நீளமுள்ள வலையொன்றை விலைக்கு வாங்கி நீருக்குள் நெடுக்காகத் தொங்கவிடச் செய்தார். அவருடைய உதவித் தலைவர் காப்டன் ஃபைஃப் மேற்பார்வையிட்டார். டார்பீடோவின் தலையில் வெடிமருந்துக்குப் பதிலாக அதே எடையுள்ள பொருள் நிரப்பப்பட்டது. 10 அடி ஆழத்தில் ஓடும்படி அமைத்து, ஸ்கிப்ஜாக் கப்பலிலிருந்து ஏறக்குறைய 850 கஜ தூரத்தில் அதனைச் செலுத்தினர். வலையை எடுத்துப் பார்த்தபோது ஓட்டை 25 அடி ஆழத்தில் இருந்தது. மறுநாள் மீண்டும் பார்த்தனர். 10 அடிக்கு அமைத்தது 18 அடியில் ஓடிற்று. நீர்மட்டத்திலேயே ஓடும்படி அமைத்தது 11 அடி ஆழத்தில் ஓடிற்று. அதற்கு முன்பாகவே 800-க்கு மேற்பட்ட டார்பீடோக்கள் யுத்தத்தில் செலுத்தப்பட்டாய்விட்டன. அவற்றுள் எத்தனை பகைவரின் கப்பலுக்குக் கீழே மௌனமாகச் சென்று மறைந்தனவோ!

ஒரு செம்படவரின் வலையும் இரண்டு நாள் பொழுதும் போதுமாயிருந்தன. உலகத்தில் மிக்க செல்வமுடைய தேசத்தின் ஆயுத நிலையம் பல வருஷங்களாகக் காணாததை அவ்விரண்டும் காட்டிவிட்டன. ஆயினும் வாஷிங்டன் அசையவில்லை. டார்பீடோவின் எடை சரியாகச் சமன் செய்யப்படவில்லை, ஆகையால் இச்சோதனையிலிருந்து முடிவு எதுவும் கொள்ளலாகாது என்று பதில் வந்தது. லாக்வுட் கோபத்தை அடக்கிக்கொண்டு, இலாகா குறை கூறிய அம்சத்தைத் திருத்தி, ஜூலை 18-ந் தேதி ஸோரி என்னும் வேறொரு கப்பலைக் கொண்டு நான்கு டார்பீடோக்களை வலையின் வழியே செலுத்தினார். சராசரியாக 11 அடி அதிக ஆழத்தில் அவை ஓடின. விஷயம் கடற்படைத் தலைவரான அட்மிரல் கிங்கின் காதுக்கு எட்டிற்று. அவர் இலாகாவை முடுக்கவே, நியூபோர்ட்டில் மறுபடி சோதித்துப் பார்த்து, ஆகஸ்ட் மாதம் 1-ந் தேதி, டார்பீடோ 10 அடி அதிக ஆழத்தில் ஓடுவது மெய்தான் என்று ஒப்புக்கொண்டனர்.

இத்தனை காலம் நியூபோர்ட்டில் நடந்த சோதனைகளில் இக்குற்றம் ஏன் வெளிப்படவில்லை? இச்சரித்திரத்தில் நாம் மிக முக்கியமாகக் கருதுவது இதுவே. பரீட்சைக்கு அனுப்பிய டார்பீடோக்களின் தலை யுத்தத் தலையைவிட இலேசானது. ஆகவே அவை மேலெழும்பி ஓடின. இது ஒரு காரணம். மற்றொன்று, ஆழத்தை உணரும் கருவி டார்பீடோவின் கூம்பிய வால்பாகத்தில் வைக்கப்பட்டிருந்தது. வேகமாக ஓடுங்கால் அவ்விடத்தில் நீரின் அழுத்தம் உள்ளபடி இராமற் குறைந்து காணும். கருவி ஏமாந்து, தான் மேலே இருப்பதாக எண்ணிக் கீழ்நோக்கிப் போகும். ஆழத்தைப் பதிவு செய்வதற்கென்று சோதனைக்காலத்தில் பொருத்திய கருவியும் அதேபோன்ற பிழைக்கு உட்பட்டே இருந்தது. ஆகவே ஓடியது ஓர் ஆழத்தில். காகிதத்திற் பதிந்தது வேறோர் ஆழம். ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் ஆயிரம் முறையும் சரியென்றே விடை வந்திருக்கும். பொய் சொல்பவனுடைய சாட்சிக்கு அவன் தம்பியையே கூட்டி வந்த கதை இது. யந்திரத்தோடு எவ்வித உறவும் இல்லாத மீன்வலை மட்டுமே உண்மை பேசிற்று.

ஆழம் திருந்தியவுடன் வேறு குற்றங்கள் தலை தூக்கின. முன்பெல்லாம் கப்பலை அணுகாது ஆழத்திற் போன டார்பீடோக்கள் இப்போது கப்பலை நெருங்கிற்று. நெருங்கியதும் பல உரிய இடம் சேருமுன்பே வெடித்தன. காந்தப்பொறியின் வேலை அது. பூமியின் காந்த சக்தி எல்லா இடத்திலும் ஒரே தன்மையுடையதன்று. வடக்கே நியூபோர்ட்டில் ஒரு கப்பலைச் சுற்றியுள்ள காந்தப் பரப்பின் உருவம் ஒன்று. பூமத்தியரேகைக்கருகே அதன் உருவம் வேறு. இங்கிலாந்தும் ஜெர்மனியும் இத்தகைய பொறியை முன்னதாகவே கைவிட்டிருந்தன. ஜெர்மனியில் 1940-ம் வருஷத்து நார்வே யுத்தத்தில் டார்பீடோக்கள் தவறியதன் பொருட்டு அவற்றிற்குப் பொறுப்பாயிருந்த உத்தியோகஸ்தர்கள் ராணுவ நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டனர் என்பதையும் நினைவு கூர்தல் வேண்டும்.

1943-ம் வருஷம் ஜனவரியில், பஸிபிக் நீர்மூழ்கிப் படைத் தலைவராயிருந்த அட்மிரல் இங்க்லிஷ் கலிபோர்னியாவில் விமான விபத்தில் இறந்தார். லாக்வுட் அவர் ஸ்தானத்தில் நியமிக்கப்பட்டுப் பெர்ல் துறைமுகம் சென்றார். அவ்வருஷத் தொடக்கத்தில் அவர் வாஷிங்டனுக்குச் சென்றிருந்தபோது, உத்தியோகஸ்தர்கள் நிறைந்த சபையில், வெடிக்கும் டார்பீடோவைத் தர முடியாவிட்டால் பகைக்கப்பலின் பக்கத் தகட்டைப் பிடுங்கியெடுப்பதற்கு ஒரு கொக்கித் தடியாவது செய்து கொடுங்கள் என்று சொல்லி அவர்களைத் திடுக்கிடச் செய்தார் என்பர். இயல்பிலே இனிமையும் நகைச்சுவையும் உள்ளவர் அவர். கீழிருந்தோர் அவரிடம் அஞ்சாமல் உண்மையைச் சொல்வார்கள். அதுவே அவருக்குப் பெரும் பலமாயிற்று. குறை கூறிய கப்பற்றலைவர்களைக் கோழைகளென்று எண்ணாமல் சாட்சிகளாக மதித்தார். ஜூன் மாதம் 24-ந் தேதி, தளபதி நிமிட்ஸ் காந்தப்பொறியை நிறுத்திவைக்க உத்தரவிட்டார். ஆஸ்திரேலியாவில் லாக்வுட்டின் இடத்துக்கு வந்திருந்த அட்மிரல் கிறிஸ்டியோ அப்பொறியை உருவாக்கியவர்களில் ஒருவர். தாம் பெற்ற பிள்ளையைக் கைவிட மனமின்றி, மேலிருந்து கட்டளை வந்த 1944-ம் வருஷத் தொடக்கம் வரையில் அதனை உபயோகித்தே வந்தார். ஒரே தேசத்தின் ஒரே கடற்படையில், ஒரே ஆயுதம், ஒரு துறைமுகத்தில் தள்ளுண்டும் மற்றொன்றில் போற்றப்பட்டும் கிடந்த விந்தையை என்னென்போம்!

மிஞ்சியிருந்தது மோதினால் வெடிக்கும் பழைய முறை. அதில் எவரும் ஐயம் கொள்ளவில்லை. 1943-ம் வருஷம் ஜூலை மாதம் 24-ந் தேதி, டினோஸா என்னும் கப்பலின் தலைவர் டாஸ்பிட், டிரக் தீவுக்கு மேற்கே, டோனான் மாரு என்ற 19,000 டன் எடையுள்ள கப்பலைச் சந்தித்தார். முதலில் செலுத்திய சிலவற்றுள் இரண்டு வெடித்து அது நின்றுவிட்டது. அசையாது நின்ற கப்பலை நேர்ப்பக்கத்தில் வைத்து, அவசரமின்றி, ஒவ்வொன்றையும் பரிசோதித்த பின்பே டார்பீடோக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தினார். ஒவ்வொன்றும் கப்பலில் மோதிற்று, ஒன்றும் வெடிக்கவில்லை. 15 செலவழிந்தன. கடைசியாக மிஞ்சிய ஒன்றை மாத்திரம் அவர் செலுத்தாமல் ஊருக்குக் கொண்டுவந்தார். பகைக்கப்பலைத் தப்பவிட்டு ஒரு டார்பீடோவைக் காப்பாற்றிக்கொண்டு வருவது போர்வீரனுக்கு எளிதன்று. அவர் கொண்டுவந்தது, கப்பலினும் விலையுயர்ந்த சாட்சி.

லாக்வுட்டின் கீழிருந்த மாம்ஸன் என்னும் தலைவர் ஒரு யோசனை சொன்னார். 1939-ல் ஸ்குவாலஸ் என்னும் கப்பல் மூழ்கியபோது உள்ளிருந்தோரை மீட்ட பணியில் பேர் பெற்றவர் அவர். ஹவாய்த் தீவுகளில் கஹோவோலாவே என்பதன் கரையில் செங்குத்தான பாறையும் அதனடியில் ஆழ்ந்த நீரும் உண்டு. அப்பாறையின்மேல் டார்பீடோக்களைச் செலுத்தி, எது வெடிக்கவில்லையோ அதனை எடுத்துப் பார்ப்போம் என்பது யோசனை. ஆகஸ்ட் 31-ந் தேதி மஸ்கலஞ்ச் கப்பல் செலுத்திய முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது வெடிக்காமல் அடியில் கிடந்தது. ஏறக்குறைய 300 கிலோ வெடிமருந்தைச் சுமந்துகொண்டு, எக்கணத்தில் வெடிக்குமோ என்றிருந்த அதனை மனிதர்கள் நீரில் மூழ்கித் தேடிக் கயிறு கட்டி மேலே கொண்டுவந்தனர். பிரித்துப் பார்த்தபோது, ஊசி தன்னிடத்தைவிட்டு அசைந்திருந்தது. ஆனால் மருந்தைப் பற்றவைக்கும் வலிவோடு அடிக்கவில்லை.

பிறகு கரையில் ஒரு பரீட்சை. பளுத்தூக்கியினால் டார்பீடோத் தலைகளை 90 அடி உயரத்துக்குத் தூக்கி, இரும்புத் தகட்டின்மேல் விழச்செய்தனர். நேராக விழுந்த பத்தில் ஏழு தவறின. தகட்டைச் சாய்த்து வைத்தபோது தவறு குறைந்தது. காரணம் தெளிவாயிற்று. அப்பொறி முன்னாளில் மந்தமாக ஓடிய டார்பீடோக்களுக்காக அமைந்தது. 46 கடல்மைல் வேகத்தில் நேராக மோதினால் அதிர்ச்சி மிகுந்து, ஊசி செல்லும் வழி வளைந்து அதனைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, அரும்பாடுபட்டுக் கல்லூரியிற் கற்றபடி செங்கோணத்தில் நேர்த்தியாகக் குறிவைத்தவனுக்கே தோல்வி. சாய்வாக ஏனோதானோவென்று அடித்தவனுக்கு வெற்றி. அந்த வருஷங்களில், பயனில்லாதவர்களென்று பதவியிலிருந்து நீக்கப்பட்ட கப்பற்றலைவர்கள் பலர். அவர்களுள் யந்திரத்தின் பாவத்தைச் சுமந்து போனவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இலேசான உலோகத்தில் ஊசியை மாற்றிச் செய்வதே பரிகாரம். அலுமினியக் கலவையைக் கொண்டு பெர்ல் துறைமுகத்துத் தொழிற்சாலையிலேயே அதனைச் செய்தனர். செப்டம்பர் மாத முடிவுக்குள் திருந்திய டார்பீடோக்களுடன் கப்பல்கள் புறப்பட்டன. யுத்தம் தொடங்கி அப்போது 21 மாதங்கள் கழிந்திருந்தன. மூன்று குற்றங்களையும் கண்டுபிடித்தவர்கள், ஆயுதத்தைச் செய்தவர்களல்லர். அதனை நம்பி உயிரை ஒப்புவித்தவர்களே. ஆயுத இலாகாவின் தலைவராக 1941 முதல் 1943 வரை இருந்த அட்மிரல் பிளாண்டியோ பின்னாளில் மேன்மேலும் உயர்ந்த பதவிகளை வகித்தார். 1946-ல் பிகினித் தீவருகே அணுகுண்டுகளைச் சோதித்தபோது அதனை நடத்தியவர் அவரே. அப்போது இலக்காக நிறுத்திய கப்பல்கள் தொண்ணூறுக்குக் குறையா. ஒரு டார்பீடோவுக்கு ஒரு பழங்கப்பல் கிடைக்காதிருந்த தேசம் அதுவே என்பதை நினைக்கையில் சிரிப்பு வருகிறது.

இவ்விடத்தில் கஹோவோலாவேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தீவு ஹவாய் மக்களின் புண்ணிய ஸ்தலம். 1941 டிஸம்பருக்குப் பின் ராணுவச் சட்டத்தின் கீழ் அதனைக் கடற்படை எடுத்துக்கொண்டது. யுத்தம் முடிந்தும் திருப்பித் தரவில்லை. குண்டு வீசிப் பழகும் இடமாகவே அதனைப் பல்லாண்டுகள் வைத்திருந்தது. 1976 முதல் அந்நாட்டுத் தேசபக்தர்கள் தடையை மீறித் தீவில் இறங்கியும் வழக்காடியும் போராடினர். 1990-ல் குண்டு வீச்சு நின்றது. 1994-ல் தீவின் உரிமை ஹவாய்க்குத் திரும்பிற்று. ஆயுதங்களுக்குச் சோதனை வேண்டும் என்று நாம் சொல்லும்போது, அதற்கான நிலம் யாருடையது என்ற கேள்வியை மறந்தோமில்லை. நமது தேசத்திலும் சோதனைக்களங்களின் அயலில் குடியானவர்களும் செம்படவர்களும் இருக்கிறார்கள்.

டார்பீடோ திருந்திய பின் நிகழ்ந்தது பெரும் அழிவு. அமெரிக்கக் கடற்படையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைந்த நீர்மூழ்கிப் படை, ஜப்பான் இழந்த வியாபாரக் கப்பல்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை மூழ்கடித்தது. இதனை வெற்றியென்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. அக்கப்பல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆயுதமற்ற மாலுமிகள். சிலவற்றில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட நேச நாட்டவர்களும் இருந்தனர். 1945-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, பத்திரமாகப் போகலாமென்று அமெரிக்க சர்க்காரே அனுமதி அளித்திருந்த ஆவா மாரு என்னும் கப்பலை, குவீன்பிஷ் என்ற நீர்மூழ்கி பனிமூட்டத்தில் அடையாளம் தெரியாமல் தாக்கிற்று. ஏறக்குறைய 2,000 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர் ஒருவர். அத்தடவை டார்பீடோக்கள் யாவும் சொன்னபடி செய்தன. சொன்னவருக்குத்தான் எதிரிலிருப்பது எது என்று தெரியவில்லை. அக்கப்பற்றலைவரை ராணுவ விசாரணையில் லாக்வுட் ஆதரித்து நின்றார். தம்மவரிடம் அவர் வைத்த விசுவாசத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் அந்த 2,000 பேரின் கணக்கு எவருடைய ஏட்டில் எழுதப்பட்டது என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

செலுத்தியவர்மீதே ஆயுதம் திரும்புவதும் உண்டு. சுழற்சக்கரமோ சுக்கானோ பழுதுற்றால் டார்பீடோ நேரே போகாமல் வட்டமிட்டு, புறப்பட்ட கப்பலையே வந்தடையும். 1944-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் டல்லிபீ என்னும் கப்பல் இவ்வாறு தன் டார்பீடோவினாலேயே அழிந்தது, ஒருவரே பிழைத்தார். அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் டாங் என்னும் கீர்த்தி வாய்ந்த கப்பல், பார்மோஸா ஜலசந்தியில், தன்னிடம் மிஞ்சியிருந்த கடைசி டார்பீடோவைச் செலுத்திற்று. அது இடப்பக்கம் வளைந்து திரும்பி வந்து அக்கப்பலின் பின்பாகத்தில் மோதி வெடித்தது. 78 பேர் இறந்தனர். தலைவர் ஓகேன் உட்பட ஒன்பது பேர் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். ஏவிய பிறகு திரும்ப அழைக்க இயலாத கருவி, பகைவன் யார் நண்பன் யார் என்று அறியாது. இன்று நமது எஞ்சினீயர்கள் அவ்வறிவை அதற்குக் கற்பிக்க முயல்கிறார்கள். கற்றுக்கொண்டதா என்பதை எந்த வலையைக் கட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்பதை ஜனங்களின் பிரதிநிதிகள் சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் கேட்க வேண்டும். சோதனையின் முடிவை வெளியிடுபவர் யந்திரத்தை விற்பவராயிருந்தால் அக்கேள்வி இன்னும் அவசியமாகிறது.

யுத்தத்தின் இறுதியில் லாக்வுட் மற்றொரு புதிய கருவியை எடுத்துக்கொண்டார். நீருக்குள் மிதக்கும் கண்ணிவெடிகளை ஒலியின் எதிரொலியால் காட்டும் கருவி அது. முதலில் அதன் நடத்தை நம்பத்தக்கதாயில்லை. ஒரு நாள் மணிபோல ஒலிக்கும், மறுநாள் மௌனம் சாதிக்கும். முன்பு பட்டது அவருக்கு மறக்கவில்லை. வைஸ் அட்மிரலாக உயர்ந்துவிட்ட அவர், காகித அறிக்கைகளை நம்பியிராமல், தாமே கப்பலில் ஏறிப் போலிக் கண்ணிவெடிகள் பரப்பிய கடலில் பலமுறை சென்று, எத்தனையைக் காட்டிற்று, எத்தனையை விட்டது என்று எண்ணிப் பார்த்தார். குற்றங்கள் திருந்தும் வரையில் கப்பல்களை அனுப்பவில்லை. 1945-ம் வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒன்பது கப்பல்கள் அக்கருவியின் துணையால் ஸூஷிமா ஜலசந்தியின் கண்ணிவெடிகளுக்கு இடையே புகுந்து ஜப்பான் கடலை அடைந்தன. அவற்றுடன் தாமும் செல்ல அனுமதி கேட்டார், நிமிட்ஸ் மறுத்துவிட்டார். எட்டுக் கப்பல்கள் திரும்பின. போன்பிஷ் என்னும் ஒன்பதாவது கப்பல் அக்கடலில் பகைவரால் தாக்குண்டு, 85 பேருடன் மறைந்தது. அந்த யுத்தம் முழுவதிலும் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. மாண்டவர்கள் 3,500-க்கு மேற்பட்டவர்கள்.

1947-ல் அவர் ஓய்வு பெற்றார். கலிபோர்னியாவில் குடியேறி, தம்முடன் பணி செய்தவர்களின் கதைகளைப் புஸ்தகங்களாக எழுதினார். அவற்றுள் ஒன்று 1957-ல் சினிமாவாயிற்று. அதில் நடித்தவர் பின்னாளில் ஜனாதிபதியான ரானல்ட் ரீகன். டார்பீடோக்களின் குற்றங்களை அவர் தம் எழுத்தில் மறைக்கவில்லை. 1967-ம் வருஷம் ஜூன் மாதத்தில் காலமானார். தம் மேலதிகாரியாயிருந்த நிமிட்ஸ், அட்மிரல்கள் ஸ்ப்ரூயன்ஸ், டர்னர் ஆகியோருடன் முன்னரே பேசி வைத்தபடி, ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு அருகிலுள்ள ஸான் புரூனோ மயானத்தில் நால்வரும் மனைவியருடன் அடுத்தடுத்து அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.